ரைம்ரேபிள் அக்கா ஏறிய வண்டி

ரயிலில் ஏறாமலே ஐரோப்பாவை நாலு தரம் சுற்றி வந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் ரைம்ரேபிள் அக்கா. வியன்னாவிலிருந்து வெனிசுக்குக் காலை வண்டி எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமையில் அது ஓடுமா, வழியில் பெட்டியைக் கழற்றி வேறு வண்டியில் கொழுவுவார்களா, எல்லாம் அவருக்கு மனப்பாடம். நாங்கள் குடியிருந்த டென்மார்க் ஊரான ஹேர்னிங்கில் தபால் கந்தோர் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. அதைப் பொலிசாரும் தொழிற்சாலைக் கந்தோரும் தவிர வேறு ஒருவரும் பாவித்ததில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆறு தமிழ்ப் பெண்களை, தாதிமார் விட்டுப்போன ஒரு பழைய விடுதியில் இருத்தியிருந்தார்கள். அறைக்கு இரண்டு பேர். என் பங்குக்குக் கிடைத்தவர் அக்கா. எனக்கு இருபத்திரண்டு வயது, அவருக்கு இருபத்தைந்து. பகலில் இரண்டு பேரும் ஒரே தையல் தொழிற்சாலையில் ஆண்களின் காற்சட்டைகளுக்குப் பை தைத்தோம். பின்னேரம் டேனிஷ் வகுப்பு.

அவருக்கு ரயில் விசர் பிடித்தது அந்த வகுப்பில்தான். கோடை விடுமுறை பற்றிய பாடத்துக்காக ஆசிரியை தன் மகளின் பழைய ரயில் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். ஒரே சீட்டு, ஒரு மாதம், ஐரோப்பா முழுவதும். பயணம் தொடங்கும் நாளில் இருபத்தாறு வயது நிரம்பியிருக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. மூன்று மாதமாக வகுப்பில் வாயே திறக்காத அக்கா அன்று கையை உயர்த்தினார்.

"தனியவும் போகலாமோ?"

போகலாம் என்றார் ஆசிரியை. அடுத்த நாள் அக்கா நகர நூலகத்திலிருந்து செங்கல் பருமனில் சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகத்தைச் சுமந்துகொண்டு வந்தார். ஐரோப்பிய ரயில்கள் எல்லாவற்றினதும் நேர அட்டவணை, எங்கள் வாயில் ரைம்ரேபிள். ஓகஸ்ட் ஏழாம் திகதி அவருக்கு இருபத்தாறு வயது பிறக்கிறது. அப்போது தை மாதம். ஏழு மாதம் இருக்கிறது என்று நினைத்தோம்.

அதன் பிறகு அவரோடு வாழ்வது ரயில் சந்தியில் குடியிருப்பது மாதிரி. தைக்கும்போது வாய் முணுமுணுத்தபடியே இருக்கும். ஒரு பை ஒரு நிலையம். வலது பை ஹம்பேர்க், இடது பை கேல்ன், பின்பை பாசல். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு டேனிஷ் மனுசி, நல்ல பக்தி உள்ளவர். அக்கா செபம் செய்கிறார் என்று நினைத்து, அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். நாங்கள் திருத்தப் போகவில்லை.

விடுதியில் ஒத்திகை நடந்தது. சமையலறை ஒரு ரயில் மேடை, உடுப்புத் தோய்க்கும் அறை இன்னொரு மேடை. நடுவில் இரண்டு மாடிப் படி. அக்கா தோளில் பையோடு ஓடுவார். நான் கையில் மணிக்கூட்டோடு நிற்பேன்.

"எத்தினை?"

"நாலு நிமிசம் பத்து செக்கன்."

"கேல்னிலை வண்டி போயிட்டுது. திருப்பி ஓடுறன், நேரம் பிடியும்."

பயணத்தில் சாப்பாடு கெடக் கூடாதென்று யன்னல் விளிம்பில் ஆறு வகைப் பலகாரத்தைத் திகதி எழுதி வைத்தார். எது எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கடி கடித்துச் சொல்வது என் வேலை. பன்னிரண்டாம் நாள் எள்ளுருண்டை நல்லாயிருந்தது. பன்னிரண்டாம் நாள் வடையைப் பற்றி நான் இன்றைக்கும் கதைக்க விரும்பவில்லை.

செய்தி ஊருக்குள் பரவியது. ஊர் என்றால் ஹேர்னிங்கிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த தமிழ்ச் சனம் முழுவதும். பாரிசில் ஒரு பொடியன் இருக்கிறான் என்றார்கள். இல்லை, சுவிசில் என்றார்கள். எங்களோடு இருந்த மன்னார்ப் பெண் ஒருத்தி, திட்டத்தில் ரோம் இருப்பதைக் கண்டு, பாப்பரசரைப் பார்க்கத்தான் அக்கா போகிறார் என்று முடிவு கட்டி, அவரிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வரும்படி தன் செபமாலையைக் கொடுத்தாள். அக்கா சைவ சமயம். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஏன் போறியள் அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ" என்று நானும் கேட்டிருக்கிறேன்.

"பாக்க."

"என்னத்தை?"

"அது போய்ப் பாத்தாத்தானே தெரியும்?"

இந்தக் கதை கிரின்ஸ்டெட்டில் இருந்த அவருடைய அண்ணரின் காதுக்கும் போனது. அக்காவுக்கு டென்மார்க்கில் இருந்த ஒரே இரத்த உறவு அவர்தான். பங்குனி மாதத்தில் ஒரு நாள் காரில் வந்து இறங்கினார். விடுதியின் வரவேற்பறையில் அரை மணித்தியாலம் இருந்தார். "உது சரிவராது" என்று ஒரே ஒரு வசனம் சொன்னார். நான் வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனார். யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் தேத்தண்ணியைத் தொடாமல் போனால் அதற்குமேல் கோபம் இல்லை.

அக்கா அட்டவணையைத் திறந்து இத்தாலிக்குப் போய்விட்டார்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். எல்லை தாண்ட அகதிகளுக்கான பயணப் பத்திரம் வேண்டும். அதற்குப் பொலிஸ் நிலையத்தில் படிவம் கொடுக்க வேண்டும். என் கையெழுத்து வடிவு என்பதால் வைகாசியில் அதை நிரப்பியது நான். பக்கத்தில் இருந்து அக்கா, "ஏழு நாப்பதுக்கு வெளிக்கிட்டா எட்டு இருபதுக்கு இறங்கலாம்" என்று எனக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். ஓம் ஓம் என்றபடி நான் எழுதினேன்.

யூலைக் கடைசியில், பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, பத்திரத்துக்குப் பதிலாகக் கடிதம் வந்தது. படிவத்தில் உள்ள பிறந்த திகதியும் பதிவில் உள்ள திகதியும் ஒத்துவரவில்லை, மூலப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவரவும். படிவத்தின் பிரதியும் கூட இருந்தது. எட்டாம் மாதம் ஏழாம் திகதி பிறந்த மனுசியை நான் ஏழாம் மாதம் எட்டாம் திகதியில் பிறக்க வைத்திருந்தேன்.

அக்கா பிரதியை ஒரு தரம் பார்த்தார், இன்னொரு தரம் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"சேர்ட்டிபிக்கேட் அண்ணையிட்டை இருக்கு" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த நாள் லீவு போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கிரின்ஸ்டெட்டுக்கு வெளிக்கிட்டோம். அது கார் வைத்திருப்பவர்களின் ஊர். பஸ் எப்போதாவது ஒன்று. ஐரோப்பாவின் ரயில்கள் எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்தவர் இடையில் மாற வேண்டிய அந்த ஒரு பஸ்சைத் தவறவிட்டார். கடைசி ஏழு கிலோமீற்றரை மழையில் நடந்தோம்.

அண்ணர் கதவைத் திறந்து, நனைந்த இரண்டு கோழிகளைப் பார்ப்பது போலப் பார்த்தார். துவாய் தந்தார். இருக்கச் சொன்னார். அக்கா இருக்கவில்லை.

"அண்ணை, என்ரை பிறப்புப் பத்திரம் வேணும்."

"என்னத்துக்கு?"

"பொலிசிலை கேக்கினம்."

"உந்த ரயில் விசருக்குத்தானே?"

நான் என்றால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். அக்கா, "ஓம்" என்றார்.

"அப்ப தர ஏலாது. ஒரு குமர்ப்பிள்ளை, தனிய, ஒரு மாசம் ரயிலிலை. சனம் என்னத்தைக் கதைக்கும்?"

"சனம் இப்பவே கதைக்குது. போனாலும் கதைக்கும், இருந்தாலும் கதைக்கும்."

"சனத்தை விடு. உனக்கு ஏதும் நடந்தா? ஆர் வந்து பாக்கிறது?" அண்ணரின் குரல் உடைந்தது. அதை மறைக்கச் சத்தத்தைக் கூட்டினார். "அப்ப நானும் வாறன். ரெண்டு பேருமாப் போவம்."

"உங்களுக்கு முப்பத்திநாலு. இந்த ரிக்கற் தரமாட்டினம்."

அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. துவாயை வாயில் வைத்து அமத்திக்கொண்டேன். அக்கா தன் திட்டம் எழுதிய கொப்பியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணை, நாங்கள் பேர்லினாலை வந்த வண்டி ஞாபகம் இருக்கோ?"

அண்ணர் கொப்பியை ஒரு பக்கமாகத் தள்ளினார்.

"யன்னலாலை பாக்காதை, நித்திரை மாதிரிக் கிட, ஆர் என்ன கேட்டாலும் வாய் திறவாதை எண்டு எங்களைக் களவாக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் சொன்னவன். நான் முகத்துக்கு மேலை கோட்டைப் போட்டுக்கொண்டு கிடந்தன். கதவு திறக்கிற ஒவ்வொருக்காலும் செத்துப் பிழைச்சனான். எந்தெந்த ஊராலை வந்தனாங்கள் எண்டு எனக்கு இப்பவும் தெரியாது. ஒருக்கா நிமிந்து இருந்து பாத்துக்கொண்டு போகவேணும். கதவைத் திறந்து ரிக்கற் கேட்டா எடுத்துக் காட்டவேணும். வேறை ஒண்டும் இல்லை."

இத்தனை மாதமாக ஒரே அறையில் இருந்த எனக்கு அன்றுதான் அது தெரியும். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

அண்ணர் யன்னலைப் பார்த்தார். பிறகு, பார்க்க வேறு இடம் இல்லாததால், கொப்பியைத் திறந்தார். ஒரு பக்கம் தட்டினார். இன்னொரு பக்கம் தட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இதென்ன, கேல்னிலை நாலு நிமிசம் எண்டு கிடக்கு?"

"அது வண்டி மாற."

"நாலு நிமிசத்திலையோ? பையோடை? படி இறங்கி ஏறி?"

"ஓடிப் பாத்தனான். இவதான் மணிக்கூடு பிடிச்சவ."

அண்ணர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "விடுதியிலை ஓடுறதும் கேல்னிலை ஓடுறதும் ஒண்டோ, தங்கச்சி? அங்கை சனம் நிக்காதோ? உங்கடை படியிலை ஆர் நிண்டவை?"

அக்கா கதிரையை இழுத்து இருந்தார். அடுத்த வண்டியில் போனால் பாசலில் அரை நாள் வீண் என்றார். அரை நாள் வீணானால் உலகம் அழிந்துவிடாது என்றார் அண்ணர். ஞாயிற்றுக்கிழமையில் ஏன் இத்தாலிக்குள் போகிறாய் என்று கேட்டார். இந்த இடத்தில் தண்ணி எங்கே வாங்குவாய் என்று கேட்டார். முக்கால் மணித்தியாலம் இரண்டு பேரும் மல்லுக்கட்டினார்கள். நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்துக்கொண்டு வந்தேன். அண்ணர் கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் அதைக் குடித்தார்.

கடைசியில் கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பிஸ்கற் ரின்னை இறக்கினார். மஞ்சள் பூத்த சான்றிதழை எடுத்து நீட்டியவர், அக்கா பிடித்த பிறகும் மற்ற நுனியை விடவில்லை.

"கேல்னிலை அடுத்த வண்டி."

"சரி."

விட்டார்.

சான்றிதழைப் பொலிசில் கொடுத்தாயிற்று. இனி மொழிபெயர்க்க வேண்டும், மேலிடத்தில் கையொப்பம் வேண்டும், பயணப் பத்திரம் அடுத்த கிழமை வரலாம், வராமலும் விடலாம் என்றார்கள். பயணம் சனிக்கிழமை என்று திட்டம். சனி போனது. அக்கா திட்டம் முழுவதையும் திங்களுக்கு மாற்றி எழுதினார். திங்கள் வண்டியும் போனது. செவ்வாய்க்கு மாற்றினார். ஒரு நாள் தள்ளினால் முப்பது நாளும் தள்ளும், ஒவ்வொரு வண்டியையும் திரும்பத் தேட வேண்டும். செவ்வாய் பின்னேரம், பத்திரம் வரவில்லை என்று தெரிந்ததும், சிவப்புப் புத்தகத்தை மூடி அலுமாரிக்குள் வைத்தார். வியாழன் பிறந்தநாள்.

"அக்கா, நாளைக்கு ஒரு நாள் இருக்கு."

"நாளைக்கு வேலைக்குப் போகவேணும்" என்றார்.

புதன்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. முதல் நாள் விரலில் தையல் ஊசி ஏறி, கட்டுப் போட்டிருந்தார்கள். பகல் ஒன்றரைக்கு விடுதி நடையில் இருந்த ரெலிபோன் அடித்தது. பொலிஸ் நிலையம். பத்திரம் வந்திருக்கிறது, மூன்று மணிக்குப் பூட்டுவோம் என்றார்கள். வீட்டுச் செருப்போடு தொழிற்சாலைக்கு ஓடினேன்.

அக்கா தைத்துக்கொண்டிருந்தார். வாய் அசையவில்லை. ஏழு மாதத்தில் அந்த வாய் சும்மா இருந்து நான் கண்டதில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, வந்திட்டுது!"

இயந்திரம் நிற்கவில்லை. "பிந்திப் போச்சு."

"எப்பிடிப் பிந்தும்? இண்டைக்கு முழுக்க உங்களுக்கு இருபத்தஞ்சுதான்!"

"இண்டைக்கு எனக்குத் திட்டம் இல்லை."

என்ன சத்தம் என்று மேற்பார்வையாளர் வந்தார். எனக்குத் தெரிந்த டேனிஷில், நாளைக்கு வயது, இன்றைக்கு ரயில், பொலிஸ் மூன்று மணி என்று கொட்டினேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. குனிந்து ஆளியைத் தட்டி அக்காவின் இயந்திரத்தைத் தானே நிறுத்தினார். கந்தோருக்குள் இருந்த ரெலிபோனை எனக்குக் காட்டினார். நான் அண்ணருக்கு அடித்தேன்.

அண்ணர் கிரின்ஸ்டெட்டிலிருந்து எந்த வேகத்தில் வந்தார் என்று நான் இதுவரை அவரிடம் கேட்டதில்லை. வேலை உடுப்பில், கையில் எண்ணெயோடு வந்து இறங்கினார். இரண்டு மணி ஐம்பதுக்குப் பத்திரத்தை வாங்கினோம். விடுதிக்கு ஓடி, ஏற்கெனவே கட்டிக் கிடந்த பையை எடுத்து, அலுமாரிக்குள் கிடந்த சிவப்புப் புத்தகத்தையும் அதற்குள் திணித்தோம். ரயில் நிலையத்தில் சீட்டு எழுதிய மனிதர் பிறந்த திகதியைப் பார்த்தார், சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார், திரும்பப் பத்திரத்தைப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டு அன்றைய திகதியைப் போட்டு முத்திரை குத்தினார். தெற்கே போகும் வண்டிக்கு இன்னும் ஆறு நிமிடம்.

அந்த ஆறு நிமிடத்தில்தான் அக்கா மேடையில் கிடந்த மர வாங்கில் குந்தி, பையிலிருந்து சிவப்புப் புத்தகத்தை எடுத்தார். தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இந்த வண்டிக்கு நான் ஒண்டும் பாக்கேல்லை. ஹம்பேர்க்குக்கு எத்தினை மணிக்குப் போகும்? அங்காலை என்ன வண்டி? எங்கை தங்கிறது? எனக்குத் தெரியேல்லை." புத்தகத்தை மூடினார். "நான் போகேல்லை அண்ணை. வீட்டை போவம்."

வண்டி தூரத்தில் தெரிந்தது. நான் அண்ணரைப் பார்த்தேன். இந்தச் சொல்லுக்காகத்தான் அந்த மனிதர் பங்குனி மாதத்திலிருந்து காத்திருந்தார். 'சரி, வா' என்றால் முடிந்தது.

அண்ணர் குனிந்து புத்தகத்தை அவர் மடியிலிருந்து எடுத்து என் கையில் தந்தார்.

"பேர்லினிலை ஏறேக்கை உன்னட்டை என்ன புத்தகம் இருந்தது? எழும்பு. ஏறி யன்னல் பக்கம் இரு."

அக்கா ஏறினார். வண்டி அசைந்த பிறகு யன்னலை இறக்கித் தலையை நீட்டினார். பயணம் சொல்லப் போகிறார் என்று கையைத் தூக்கினேன்.

"அந்தப் புத்தகம் இருபதாம் திகதி லைபிரரிக்குக் குடுக்கவேணும், மறக்காதையும்!"

முதல் மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. அண்ணர் வேலை முடிந்ததும் கிரின்ஸ்டெட்டிலிருந்து வந்து, விடுதி நடையில் ரெலிபோனுக்குக் கீழே கதிரை போட்டு இருந்தார். நான் வைக்கும் தேத்தண்ணியை எல்லாம் குடித்தார். என்னைத் திட்டவில்லை, தன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் பின்னேரம் மணி அடித்தது. நானும் காதை ஒட்டிக் கேட்டேன்.

"எங்கை நிக்கிறாய்?"

"ஊரின்ரை பேர் வாயிலை வருகுதில்லை அண்ணை. கடல் தெரியுது. வடிவாக் கிடக்கு. காசு விழுந்து..." தொடர்பு அறுந்துவிட்டது.

அண்ணர் ரெலிபோனை வைத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து நின்று சிரித்தார். கண்ணைத் துடைத்ததில் எண்ணெய் முகமெல்லாம் பூசிக்கொண்டது.

அக்கா முப்பதாம் நாள் திரும்பி வந்தார். வெயிலில் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, செருப்பின் வாரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு. எழுதிய திட்டத்தில் பாதி ஊருக்கும் போகவில்லை. எழுதாத ஊர்கள் பலவற்றுக்குப் போயிருந்தார். செபமாலை ரோமைக் கண்டதா என்று மன்னார்க்காரி கேட்டதற்கு, கண்டது, ஆனால் பாப்பரசர் வீட்டில் இல்லை என்றார். நூற்றிப் பதினொரு பேர் சீட்டுக் கேட்டார்களாம், எல்லாருக்கும் காட்டினாராம். பிறகு கலியாணம் முடித்து அல்பர்ட்ஸ்லுண்ட் பக்கம் போனார். இப்போது பேரப்பிள்ளைகள் அவரோடு டேனிஷில் சண்டை பிடிக்கிறார்கள்.

அந்த ஒரு மாதத்தைப் பற்றி நான் அவருக்குச் சொல்லாத விசயம் ஒன்று உண்டு. அவர் பயணம் வெளிக்கிட்ட கிழமையே விடுதிக்குப் புதிதாக ஒரு பெண் வர இருந்தார். விடுதிப் பொறுப்பாளர் கியர்ஸ்டின் வந்து, இந்தக் கட்டில் சும்மா கிடக்கிறதே, உன் சிநேகிதி எப்போது வருவாள் என்று கேட்டார். "நாளைக்கு" என்றேன். அடுத்த நாளும் கேட்டார், "நாளைக்கு" என்றேன். கட்டில் சும்மா கிடப்பதாகத் தெரியாதபடி ஒவ்வொரு காலையும் அக்காவின் போர்வையைக் குலைத்து, தலையணையில் குழி விழக் குத்தி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அவர் இல்லாத அறை எனக்குப் பிடிக்கவில்லை என்பதை டேனிஷில் எப்படிச் சொல்வதென்று அப்போது எனக்குத் தெரியாது.